ஏழு பொத்தான்கள்: லினக்ஸ் கணினியில் கோடியும் ஜெல்லிஃபினும்

கூடத்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு பழைய கணினி குந்தியிருக்கிறது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, எட்டு ஜிபி நினைவகம், உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். இனி வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிய பெட்டியைப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொண்டேன். கடந்த ஆறு மாதமாக அதில் மீடியா சென்டர் மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றுவதும் இறக்குவதுமே எனக்கு விடுமுறை நாள் வேலை. எல்லாவற்றுக்கும் நான் வைத்த பரீட்சை ஒன்றுதான்: நான் வெளியே போயிருக்கும் நேரத்தில், அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைக்காமல் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்து முடிக்க வேண்டும்.

கோடி, ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ், எம்பி, மித்டிவி என்று எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு மதிப்பெண் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த அட்டவணைகளை நம்பி நானும் இரண்டு மாதம் அலைந்தேன். பிறகுதான் புரிந்தது, இவை ஒரே வேலையைச் செய்பவையே அல்ல. படத்தைத் திரையில் ஓட்டுவது ஒரு வேலை. எந்தப் படம் எங்கே இருக்கிறது, யார் எதுவரை பார்த்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, கேட்கிற கருவிக்கெல்லாம் அதை அனுப்பிவைப்பது இன்னொரு வேலை. கோடி முதல் வேலைக்குப் பிறந்தது, ஜெல்லிஃபின் இரண்டாவதற்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது மேல் என்று கேட்பது, பூட்டு மேலா கதவு மேலா என்று கேட்பது போலத்தான்.

முதலில் கோடி. பெயரைத் தமிழில் எழுதினால் பணம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு காசும் வேண்டாம், திறந்த மூல மென்பொருள். 2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகச் சிலர் எழுதத் தொடங்கியது, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் பல ஆண்டுகள் ஓடி, 2014-ல் கோடி ஆனது. இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேசையில் உட்கார்ந்து சுட்டியை நகர்த்துகிறவருக்காக அல்ல, பத்தடி தள்ளி உட்கார்ந்து கையில் எதையோ பிடித்திருப்பவருக்காக எழுதப்பட்டது அது. இன்றைக்கும் அந்தக் குணம் போகவில்லை. எழுத்து பெரிதாக இருக்கிறது, எங்கே நிற்கிறோம் என்று பளிச்சென்று தெரிகிறது, நான்கு அம்புக்குறிகளும் ஓர் ‘என்டர்’ விசையும் இருந்தால் எல்லா மூலைக்கும் போய்விடலாம். லினக்ஸில் நான் ஓட்டிப் பார்த்தவற்றில் இதற்கு இணையாக எதுவுமில்லை.

நிறுவுவதில் ஒரு சிறு குழப்பம். உபுண்டு 24.04-ன் களஞ்சியத்தில் கிடைப்பது கோடி 20 வரிசை. 2024 ஏப்ரலில் வந்த 21, ‘ஒமேகா’, வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் வழியாகப் போடலாம்; எந்த லினக்ஸிலும் மென்பொருளை ஒரே பொட்டலமாக நிறுவும் முறை அது. நான் அப்படித்தான் போட்டேன். பிறகு அமைப்புக் கோப்புகளைத் தேடி வீட்டுக் கோப்புறையில் ‘.கோடி’ என்ற மறைவான கோப்புறையைத் துழாவினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஃபிளாட்பேக் தன் உடைமைகளை எல்லாம் ‘.வார்’ என்ற இன்னொரு மறைவான கோப்புறைக்குள் தனியறை கட்டி வைத்துக்கொள்கிறது. ஒரு மாலைப்பொழுது இதில் போனது.

திறந்தவுடன் கோடி வெறும் வீடு. படமும் இல்லை, பாட்டும் இல்லை. அதைத் தயாரிப்பவர்கள் எந்த உள்ளடக்கமும் தருவதில்லை. உங்களிடம் இருப்பதை ஓட்டுவதற்கு மட்டும்தான் அது. ‘எல்லாம் நிரப்பிய கோடிப் பெட்டி’ என்று எங்காவது விற்றால், நிரப்பியது திருட்டுச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கோடிக்குள் கூடுதலாகச் சேர்த்திருக்கும் துணைநிரல்கள் இன்று ஓடும், நாளை ஓடாது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இனி அம்மாவின் பரீட்சை.

சாதாரணக் கணினியின் எச்டிஎம்ஐ துளை வழியாகத் தொலைக்காட்சி ரிமோட்டின் கட்டளை பெரும்பாலும் வந்து சேராது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் சேரும். என் பெட்டியில் சேரவில்லை. அதற்கென்று தனியாக யூஎஸ்பி இணைப்பான்கள் உண்டு. கைப்பேசியில் கோர் என்ற செயலியைப் போட்டு ரிமோட்டாகவும் வைத்துக்கொள்ளலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அம்மாவுக்குக் கைப்பேசி என்பது பேசுவதற்கு. எனவே கையடக்கமான கம்பியில்லா விசைப்பலகை ஒன்றை எடுத்து, ஏழு விசைகளில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்: அம்புகள் நான்கு, என்டர், பின்செல்லும் ‘பேக்ஸ்பேஸ்’, நிறுத்தித் தொடர ‘ஸ்பேஸ்’. “மற்றதைத் தொடவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனேன்.

பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. “என்னப்பா, கல்யாணம் நடந்துகொண்டிருந்தது, திடீரென்று பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.”

நடந்தது இதுதான். சத்தம் குறைவாக இருக்கிறது என்று அம்மா மேல் அம்பை அழுத்தியிருக்கிறார். நியாயமான செயல். ஆனால் படம் ஓடும்போது கோடியில் மேல் அம்புக்கு வேறு அர்த்தம்: கோப்பில் அத்தியாயம் குறித்திருந்தால் அடுத்த அத்தியாயம், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் பத்து நிமிடம் முன்னே. ஒலியைக் கூட்ட நினைத்து நான்கு முறை தட்டினால் நாற்பது நிமிடக் கதை போய்விடும். இப்படி ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் இங்கேதான் கோடியின் பெருந்தன்மையும் இருக்கிறது. எந்த விசைக்கும் எந்த வேலையையும் மாற்றிக் கொடுக்கலாம். பயனர் கோப்புறைக்குள் ‘கீமேப்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை எழுதிப் போட வேண்டும். முழுத்திரைக் காணொளியின்போது மேல் அம்பு என்றால் ஒலி கூட்டு, கீழ் அம்பு என்றால் ஒலி குறை. பத்து வரிகூட ஆகவில்லை. மறுநாள் ‘எஸ்’ விசை தவறுதலாக அழுந்தி, கணினியை அணைக்கவா என்று கேட்கும் பட்டியல் வந்து நின்றது. அதே கோப்பில் ‘எஸ்’ விசைக்கு ‘ஒன்றும் செய்யாதே’ என்று இன்னொரு வரி சேர்த்தேன். இப்படி ஒரு விசையை ஊமையாக்கும் வசதிக்காகவே நான் இதை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

அடுத்தது அட்டைப்படக் கூத்து. அப்பா அம்மா கல்யாணத்தைப் பதிவு செய்த பழைய வீடியோ நாடாவைக் கோப்பாக மாற்றி வைத்திருந்தேன். அந்தக் கோப்புறையையும் படங்களோடு சேர்த்துக் கோடியிடம் காட்டினேன். அது கோப்பின் பெயரை எடுத்துக்கொண்டு இணையத் திரைப்படத் தரவுத்தளத்தில் தேடி, பெயர் ஒத்துப்போன ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. என் பெற்றோரின் கல்யாணத்துக்குத் துப்பாக்கியோடு ஓர் ஆள் முறைத்துப் பார்க்கும் அட்டைப்படம். கீழே கதைச்சுருக்கம் வேறு: பழிவாங்கல். அப்பா அதை ஒரு வாரம் மாற்ற விடவில்லை.

பிழை என்னுடையதுதான். வீட்டுப் பதிவுகளைத் தனிக் கோப்புறையில் போட்டு, அதற்கு எந்தத் தகவலும் தேடாதே என்று அமைக்க வேண்டும். திரைப்படக் கோப்புகளுக்குப் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும், தொடர்களுக்கு ‘எஸ்01இ01’ என்ற வரிசையும் இருந்தால் பொருத்தம் ஏறத்தாழத் தவறாது. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பெயர் சூட்டும் வேலையிலிருந்து தப்ப முடியாது. நானூற்றுச் சொச்சம் கோப்புகளுக்குப் பெயர் மாற்றிய இரண்டு ஞாயிறுகளைத்தான் இந்த ஆறு மாதத்தில் உருப்படியான வேலை என்பேன்.

அந்த நாடாவிலேயே இன்னொன்றையும் கவனித்தேன். பழைய நாடாப் பதிவில் ஒவ்வொரு படச்சட்டமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பின்னியிருக்கும். சாதாரணப் பிளேயர் ஒன்றில் ஓட்டியபோது, அத்தை கையை வீசினால் கைவிரல்கள் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரிந்தன. கோடி அதைத் தானே கண்டுபிடித்துச் சீராக்கிக் காட்டியது. படம் ஓடும்போதே அமைப்புப் பட்டியலைத் திறந்து சீராக்கும் முறையை மாற்றியும் பார்க்கலாம். இத்தனை வருடம் கழித்து அத்தையின் விரல்கள் ஐந்தும் ஒழுங்காகத் தெரிந்ததில் வீட்டில் இந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

திரைப்படங்களுக்கு ஓர் அமைப்பு முக்கியம். படம் நொடிக்கு 24 சட்டம். திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. 24 அறுபதில் ஒழுங்காக அடங்காது என்பதால் ஒரு சட்டம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது கவனியுங்கள், காட்சி தயங்கித் தயங்கி நடக்கும். படத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றிக்கொள்ளும்படி கோடியிடம் சொல்லலாம். ஆனால் அமைப்புப் பக்கத்தில் கீழே இடது மூலையில் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கும். அதை அழுத்தி நிலையை உயர்த்தினால்தான் பல அமைப்புகள் கண்ணுக்கே தெரியும். எங்கே எங்கே என்று தேடியதுதான் மிச்சம். ஒலியில் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. எச்டிஎம்ஐ வெளியீட்டைத் தேர்ந்தெடுத்ததும் முடிந்தது.

என் புத்திசாலித்தனத்தையும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். படங்கள் இருப்பது ஒரு வெளி வன்தட்டில். மகள் அதைப் பள்ளி வேலைக்குக் கழற்றிக்கொண்டு போன அன்று கணினி முழுதாக எழவே இல்லை. ஒன்றரை நிமிடம் வன்தட்டுக்காகக் காத்திருந்துவிட்டு, கறுப்புத் திரையில் அவசர நிலை என்று நின்றுகொண்டது. எந்த வன்தட்டை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லை நான் சேர்க்காமல் விட்டதன் பலன். சேர்த்தேன். அடுத்த முறை வன்தட்டு இல்லாமலே கணினி சமர்த்தாக எழுந்தது. அன்று பார்த்துத்தானா எனக்குச் சுத்தம் செய்யும் ஆசை வர வேண்டும்? கோடி தன் படப் பட்டியலை நூலகம் என்கிறது; ‘நூலகத்தைச் சுத்தம் செய்’ என்று அழுத்தினேன். இந்த இடத்தைக் காணோமே, வைத்திருக்கவா நீக்கவா என்று கோடி கேட்கத்தான் செய்தது. படிக்காமல் நீக்கு என்றேன். யார் எதைப் பார்த்தார்கள் என்ற கணக்கு மொத்தமும் போய்விட்டது. இப்போது வாரம் ஒரு முறை அந்தத் தரவுக் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து வைக்கிறேன்.

கணினியை இதற்கு மட்டும்தான் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், உபுண்டுவே வேண்டாம், லிப்ரெலெக் போட்டுவிடுங்கள். கோடியை ஓட்டுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வைத்த லினக்ஸ் அது. மின்பொத்தானை அழுத்தினால் நேராகக் கோடி வந்து நிற்கும். அதன் மையப் பகுதி படிக்க மட்டும் திறந்தது, நீங்கள் கைவைத்துக் கெடுக்க முடியாது. என் பெட்டியில் அச்சுப்பொறி வேலையும் இருப்பதால் நான் அதில் தங்கவில்லை. மனசு இல்லாமல்தான் விட்டேன்.

அம்மா தேர்ச்சி பெற்றார். கதை அங்கேயே முடிந்திருக்கும். “அப்பா, எனக்கு என் அறையில் போனில் பார்க்க வேண்டும், கூடத்தில் பாட்டி விடவே மாட்டேன் என்கிறார்” என்று மகள் வந்து நின்றாள். கோடிக்கு இங்கே மூச்சு முட்டும். ஒவ்வொரு கருவியிலும் ஒரு கோடி, பொதுவில் ஒரு மரியாடிபி தரவுத்தளம் என்று இணைக்க வழி உண்டுதான். ஆனால் அது வீட்டுக்குள் ஓர் அலுவலகத்தை நடத்துவது. இந்த வேலைக்குத்தான் ஜெல்லிஃபின்.

எம்பி என்ற சர்வர் மென்பொருள், அதாவது கேட்கிற கருவிக்கெல்லாம் படத்தை அனுப்பிவைக்கும் மென்பொருள், 2018-ல் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு சிலர் தனியே போனார்கள். அதுதான் ஜெல்லிஃபின். சந்தா இல்லை, வெளியே யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. நிறுவி முடித்ததும் தொலைக்காட்சியில் ஒன்றும் தோன்றாது, பயப்பட வேண்டாம். உலாவியில் கணினியின் முகவரியோடு 8096 என்ற வாசல் எண்ணைத் தட்டினால் அங்கே உட்கார்ந்திருக்கும்.

நான் நூலகத்தைச் சேர்த்தேன். சக்கரம் சுற்றியது, நின்றது. பூச்சியம் படங்கள். மறுபடியும் சேர்த்தேன், மறுபடியும் பூச்சியம். கோப்புகள் கண்ணெதிரே இருக்கின்றன, நான் திறந்தால் ஓடுகின்றன. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: ஜெல்லிஃபின் என் பெயரில் ஓடுவதில்லை, தன் பெயரிலேயே தனிப் பயனராக ஓடுகிறது. உபுண்டு 21.04 முதல் ஒருவரின் வீட்டுக் கோப்புறைக்குள் அந்நியர் எட்டிப்பார்க்க அனுமதி கிடையாது. சோதிப்பதற்காகச் சில படங்களை என் வீட்டுக் கோப்புறைக்குள் வைத்திருந்தேன். சர்வர் வாசலிலேயே நின்றிருக்கிறது, பாவம். படங்களை வெளியே பொதுவான இடத்துக்கு மாற்றிப் படிக்கும் அனுமதி கொடுத்ததும் அட்டைப்படங்கள் மளமளவென்று வந்து இறங்கின. லினக்ஸில் ஜெல்லிஃபின் காலியாகத் தெரிந்தால் முதலில் அனுமதியைப் பாருங்கள், பிறகு மற்றதை.

அடுத்த பாடம் மின்விசிறி நடத்தியது. மகள் மடிக்கணினியின் உலாவியில் ஒரு படத்தைப் போட்டாள். கூடத்துப் பெட்டி மாவு மில் போல இரைந்தது. படம் பத்து பிட் எச்இவிசி, காணொளியைச் சுருக்கி வைக்கும் ஒரு வடிவம். அவளுடைய உலாவிக்கு அது புரியாது. எனவே சர்வர் அதைப் பிரித்து, புரிகிற பழைய வடிவமான எச்.264-க்கு மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. மாற்றும் சுமையைப் பெரும்பாலும் வரைகலைச் சில்லுவிடம் தள்ளலாம்; அதற்கு ஜெல்லிஃபின் பயனரை ‘ரெண்டர்’ குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ஆனால் சில்லுவுக்கு எந்தெந்த வடிவம் தெரியும் என்று காட்டும் ‘விஏஇன்ஃபோ’ என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தால் என் சில்லுவின் பட்டியலில் எச்இவிசி என்ற சொல்லே இல்லை. இன்டெலில் பத்து பிட் எச்இவிசி ஏழாம் தலைமுறையிலிருந்துதான், ஏவி1 என்ற இன்னொரு வடிவம் பதினொன்றாம் தலைமுறையிலிருந்துதான். இதற்காகப் பழைய கணினி தேடுகிறவர்கள் நினைவகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தலைமுறை எண்ணைப் பாருங்கள்.

நான் வேறு வழி பிடித்தேன்: மாற்றவே விடாமல் இருப்பது. உலாவியை விட்டு, அந்தந்தக் கருவிக்கான ஜெல்லிஃபின் செயலியில் பார்த்தால் பெரும்பாலான கோப்புகள் உள்ளது உள்ளபடியே போகின்றன. சர்வருக்கு வேலையே இல்லை. வசனவரி எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும் ப்ளூரே வகைக் கோப்புகளில் மட்டும் சில கருவிகளுக்கு அதைக் காட்சியோடு ஒட்டி அனுப்ப வேண்டி வருகிறது, மறுபடியும் இரைச்சல். அவற்றுக்குத் தனியாக எழுத்து வசனவரி தேடி வைத்தேன். எதற்காக மாற்றுகிறேன் என்று சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கமே காரணம் சொல்லிவிடுகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. படத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்போது சிறு படங்கள் காட்டும் வசதி ஜெல்லிஃபின் 10.9 பதிப்பில் வந்தது. அழகுதான், ஆனால் என் பெட்டிக்கு மொத்த நூலகத்துக்கும் அந்தச் சிறு படங்களை எடுப்பது தாங்காது. அணைத்துவிட்டேன்.

ப்ளெக்ஸ் பற்றிக் கேட்பார்கள். அதுவும் 2008-ல் எக்ஸ்பிஎம்சியிலிருந்து கிளைத்ததுதான். பார்க்க அழகு, செயலிகள் ஏராளம். ஆனால் மூலநிரல் மூடியது, அவர்களிடம் கணக்கு வைக்க வேண்டும், சில்லு வழி மாற்றுதல் சந்தாவில் வருகிறது. என் வன்தட்டில் இருக்கும் படத்துக்கு வெளியே ஒருவரிடம் சாவி இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்கு அது பொருட்டில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். மித்டிவி 2002 முதல் இருக்கும் பெரியவர். ஒளிபரப்பைப் பிடிக்கும் அட்டை வைத்துக்கொண்டு நேரம் குறித்துப் பதிவு செய்பவர்களுக்கானது. என்னிடம் அந்த அட்டை இல்லாததால் ஒரு மாலையோடு மூடிவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. பின்னால் ஜெல்லிஃபின் கணக்கு வைக்கிறது; முன்னால் கோடி திரையில் காட்டுகிறது. இரண்டையும் இணைக்க ‘ஜெல்லிஃபின் ஃபார் கோடி’ என்ற துணைநிரல் இருக்கிறது. சர்வரின் பட்டியலைக் கோடியின் சொந்த நூலகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடும். அதைப் போடுவதற்கு முன்னால் கோடியில் இருந்த பழைய நூலகத்தைக் காலி செய்தேன், இரண்டையும் கலந்தால் குழப்பம். ஜெல்லிகான் என்று இன்னொன்றும் உண்டு. அது கோடியின் நூலகத்தைத் தொடாமல், கேட்கும்போதெல்லாம் சர்வரிடம் போய்க் கேட்டு வரும். சோதித்துப் பார்க்க அது நல்லது. நிரந்தரமாக வைக்க எனக்கு முன்னதுதான் பிடித்தது. அம்மா கூடத்தில் பாதியில் விட்ட படத்தை இரவில் தன் அறையில் அதே இடத்திலிருந்து தொடர்கிறார். அந்த ஒரு வசதிக்கே அவர் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு திரை, ஒரே ஒரு வன்தட்டு உள்ள வீடு என்றால் கோடி மட்டும் போதும், சர்வர் பக்கமே போகாதீர்கள். தொலைக்காட்சியில் ஏற்கெனவே ஜெல்லிஃபின் செயலி இருக்கிறது, கணினியை உள்ளறையில் வைக்கலாம் என்றால் கோடி தேவையில்லை. எங்களைப் போல் கணினியே தொலைக்காட்சியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்து, வீட்டில் நான்கு பேர் நான்கு இடத்தில் பார்த்தால் இரண்டும் வேண்டும்.

முந்தாநாள் மகள் போனை நீட்டினாள். அவள் இரண்டாவது அத்தியாயத்தில் இருக்கும் தொடர் முழுவதற்கும், முப்பது அத்தியாயங்களுக்கும், பார்த்தாகிவிட்டது என்று டிக் விழுந்திருக்கிறது. கோடியில் ‘டபிள்யூ’ விசை பார்த்ததாகக் குறிப்பதற்கு. அம்மாவின் கட்டைவிரல் தொடரின் பெயர்மேல் நிற்கும்போது அதில் பட்டிருக்கிறது. கோடி சர்வரிடம் சொல்ல, சர்வர் வீடு முழுக்கச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் ஒரே பயனர் பெயரைக் கொடுத்தது நான். இன்று இரவு மகளுக்குத் தனிப் பெயர் போட வேண்டும், கீமேப் கோப்பில் ‘டபிள்யூ’வுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.